மாற்றாந்தாய் வந்த பதிப்பு

நாடோடிக் கதைகளை வகை பிரிப்பதென்றால் பின்லாந்தின் ஆண்டி ஆர்னெயில்தான் தொடங்குகிறார்கள். 1910இல் அவர் மிருகக் கதை, மாயக் கதை, வேடிக்கைக் கதை என்று பிரித்து, ஒவ்வொரு கதை வகைக்கும் எண் கொடுத்தார். ஸ்டித் தாம்ஸன் 1928லும் 1961லும் அதை விரிவாக்கினார். பகலெல்லாம் பேரேட்டோடு இருப்பவன் நான். எண்களிடம் எனக்கு விரோதமில்லை. ஆனால் 327ஏ என்ற எண்ணைப் பாருங்கள்.

அது ஹான்ஸல், கிரேத்தல் கதை. கிரிம் சகோதரர்களின் 1812ஆம் வருஷப் பதிப்பில், வீட்டில் ரொட்டி இல்லாதபோது குழந்தைகளைக் காட்டில் விட்டு வரலாம் என்பவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாயாகிவிடுகிறாள். ஸ்னோ ஒயிட்டின் தாய்க்கு இது 1819லேயே நடந்தாயிற்று. எல்லாம் தம்பி வில்ஹெல்மின் பேனா செய்த காரியம். மத்தியதர வீட்டுக் குழந்தைகள் படிக்கப்போகிற புத்தகம். அதில் தாய் என்பவள் பசியிலும் தாயாகவே இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது போலும். பட்டினி ஒரு தாயை என்ன செய்யும் என்று சொன்ன கதை, பொல்லாத ஒருத்தியின் கதையாகச் சுருங்கிவிட்டது. எண் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஆர்னெ தம் பட்டியலுக்கு ஆதாரமாகக் கொண்டவற்றில் கிரிம் தொகுப்பும் ஒன்று என்பது இதில் இன்னொரு வேடிக்கை.

நம் நல்லதங்காள் கதையிலும் பஞ்சம்தான். அண்ணி மூளி அலங்காரியை எவ்வளவு கொடியவளாக்கியும், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிறவளைப் பெற்றவளாகவே விட்டிருக்கிறார்கள்.