சும்மா இருக்கும் அம்மாக்கள்: மாதனூர்ப் பக்கத்துப் பெயரில்லாத வலியின் கதை

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூர் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது மாதனூர். பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊரைக் கவனிப்பதில்லை. அடுத்து வரப்போகும் ஆம்பூர் பிரியாணியில்தான் நினைப்பு இருக்கும்! பாலாற்றங்கரை ஊர். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், அதற்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பட்டையின் நடுவில் இருக்கிறது.

இந்தப் பட்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாலாற்றைப் பற்றி எழுதிவிட்டார்கள். எழுதவும் வேண்டும். ஆனால் இங்கே எழுதப்படாத இன்னொரு சரித்திரம் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களின் கழுத்திலும் தோளிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இருக்கும் சரித்திரம். அதற்கு டாக்டர் சீட்டில் பெயர் கிடையாது. வீட்டில் ஒரு பெயர் உண்டு: "வாய்வு."

கொஞ்சம் பின்னால் போவோம்.

19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணம் ஏற்றுமதி செய்த தோல், ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல். அரை வேலை முடித்த தோலாகக் கப்பலேறி, ஐரோப்பாவில் முழு வேலை முடிந்து ஷூவாகும். லாபத்தின் பெரிய பங்கு அங்கேயே நின்றுவிடும். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'மதிப்புக் கூட்டல்' என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1972-இல் சீதாராமையா கமிட்டி இதைத்தான் சொன்னது: தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு. 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தன. அடுத்த இருபது வருஷத்தில் ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் முளைத்தன.

தோல் ஷாப்பில் (தொட்டியிலும் சுண்ணாம்பிலும் நிற்கிற வேலை) பெரும்பாலும் ஆண்கள் இருந்தார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அதே காலத்தில் விவசாயக் கூலி வேலை குறைந்துகொண்டே வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் பட்டையில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாகக் குறிப்பிட்டது. நாற்று நட்ட கைகள் ஊசிக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இதில் வீட்டு வேலை எங்கே வந்தது?

மொக்காசின் என்று ஒரு வகை ஷூ. முன்பக்கத்தில் சுருக்கம் சுருக்கமாகத் தையல் தெரியும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தையலைக் கையால் போட்டால்தான் அழகு, விலையும் அதிகம். கம்பெனியில் வெட்டிய துண்டுகளை ஏஜெண்ட் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார், தைத்து முடித்ததும் வாங்கிப்போவார். ஊசியும் உட்காரும் இடமும் கரண்ட்டும் தைக்கிறவர் செலவு.

கூலி ஜோடிக்கணக்கு. ஆம்பூர் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண்களைப் பற்றி 2016-இல் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்தின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை கொண்டுவந்தன. ஒரு ஜோடிக்குச் சுமார் பத்து ரூபாய், அதற்கும் கீழே என்பதுதான் அதில் பலரையும் திடுக்கிட வைத்த விஷயம். அந்த ஷூ ஐரோப்பியக் கடையில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜோடிக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டால்கூட, பத்து ஜோடி தைத்தால் நூறு ரூபாய். அந்த அறிக்கையில் தலைவலி, முதுகுவலி, மூட்டுவலி, கண் கோளாறு என்று பெண்கள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. செய்தித்தாள்கள் கூலியை எடுத்துக்கொண்டன, வலியை விட்டுவிட்டன.

எதற்காக இந்த வேலைக்கு வருகிறார்கள்? பதில் ஒரே வார்த்தை: பிள்ளைகள். கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காலையில் கம்பெனி பஸ் ஏற முடியாது. மாமியாரும் கூலிக்குப் போகிறவராக இருப்பார். இங்கே சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைத்தாக வேண்டியிருந்தது (முதலில் ஐம்பது என்றிருந்தது, 1976-இல் முப்பதாக்கினார்கள்). அதே ஷூவின் அதே தையலை வீட்டில் போட்டால் காப்பகம் கிடையாது. அம்மாவேதான் காப்பகம். அவரேதான் ஆலை.

வலி எப்படி வருகிறது என்பது ரகசியம் ஒன்றுமில்லை. ஆட்டுத்தோல் மாதிரி மெல்லிசு இல்லை ஷூத் தோல். ஒவ்வொரு தையலுக்கும் விரலால் அழுத்தி ஊசியைத் தள்ள வேண்டும், நூலை இழுத்து இறுக்க வேண்டும். கழுத்து குனிந்தே இருக்கும், கால் மடங்கியே இருக்கும். ஒரே அசைவு, ஆயிரம் தடவை, தினமும். தசைநாரும் அதன் உறையும் வீங்கும். மணிக்கட்டின் குறுகிய பாதையில் போகும் நரம்பு நசுங்கினால் ராத்திரியில் விரல் மரத்து எழுப்பிவிடும். கார்ப்பல் டனல் என்கிற இந்தக் கோளாறை 1950-களில் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் ஃபேலன்தான் பரவலாக அறியச் செய்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். தசைநார் உறையும் நரம்பும் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்று சொன்னதும் வீட்டில் கேஸ் முடிந்தது!

ஆனால் கேஸ் முடிவதற்கு எக்ஸ்ரே மட்டும் காரணமில்லை. முக்கியமான ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை.

1700-இல் இத்தாலியின் மோடெனாவில் பெர்னார்டினோ ரமாசினி என்ற டாக்டர் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். தோல் பதனிடுகிறவர், செருப்புத் தைப்பவர், தையல்காரர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. செருப்புத் தைப்பவர்களும் தையல்காரர்களும் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்தே கூன் விழுந்து போவதை அவர் கவனித்திருக்கிறார். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டீஸ் சொல்லிவைத்த கேள்விகளோடு ரமாசினி ஒன்றைச் சேர்த்தார்: நீ என்ன வேலை செய்கிறாய்?

முன்னூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கேள்வியை இந்தப் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு டாக்டர் கேட்டே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். என்ன பதில் வரும்? "வேலைக்கெல்லாம் போகலைங்க சார், வீட்ல சும்மாதான் இருக்கேன்."

பொய்யில்லை. அவர் அப்படித்தான் நம்புகிறார். கணவரும் அப்படித்தான் சொல்வார், பிள்ளையும் பள்ளிக்கூடப் பாரத்தில் 'தாய்: இல்லத்தரசி' என்றுதான் எழுதும். 'சும்மா' என்ற அந்த ஒரு வார்த்தையில் நோயின் காரணம் மறைந்துவிடுகிறது. பிறகு டாக்டர் என்னதான் செய்வார்? கால்சியம் மாத்திரை, வலி மாத்திரை, ஒரு ஊசி, "வெயிட் தூக்காதீங்க" என்று அறிவுரை. இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டே அந்த அறிவுரையைக் கேட்டுக்கொள்வார்.

பிள்ளை வளர்ப்பு என்பது கையும் இடுப்பும் செய்கிற வேலை என்பது வலி வந்தால்தான் தெரிகிறது. தொட்டிலிலிருந்து தூக்குவது, குளிப்பாட்டுவது, தண்ணீர்க் குடம், மாவாட்டுவது, காலையில் பொம்பளைப் பிள்ளைக்கு இரட்டைச் சடை பின்னுவது. ஊசி பிடித்து மரத்த விரலுக்குச் சடை பின்னுவது சாதாரண விஷயம் இல்லை. பிள்ளை "இறுக்கமா போடும்மா" என்று சிணுங்கும், அம்மா எரிந்து விழுவார். வலியைக் காட்ட எக்ஸ்ரே இல்லாததால் பிள்ளைக்குத் தெரிவது கோபம் மட்டும்தான். அம்மா எப்பவும் கத்துவாங்க என்றே அது வளரும். சாயங்காலம் அம்மா பாயில் குப்புறப் படுத்து, "வாடா, முதுகை மிதிச்சு விடு" என்பார். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறி நடக்கும். நம் ஊரில் எந்த வீட்டில் இது நடக்கவில்லை? பிள்ளைக்கு அது விளையாட்டு. அம்மாவுக்கு அதுதான் பிசியோதெரபி. பிள்ளைக்குக் கனம் கூடியதும் அந்த வைத்தியமும் நின்றுவிடும்.

ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது, முடிந்த ஜோடியை அடுக்குவது என்று பிள்ளைகள் கை கொடுக்கத் தொடங்குவதும் இப்படித்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. ஏஜெண்ட் கொடுத்து வாங்கிப்போகும் ஷூ எந்தக் கணக்கில் குடும்பத் தொழில் என்பதைச் சட்டம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. மாதனூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தது. 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன் தொழுநோயாளிகளின் கைகளையும் கால்களையும் ஆராய்ந்தார். அந்த நோயில் விரல்கள் சேதமடைவதற்குப் பெரிய காரணம் சதை அழுகுவது அல்ல, வலி தெரியாமல் போவதுதான் என்று காட்டினார். முள் குத்தினாலும் சுட்டாலும் உணர்வில்லாததால் காயம் மேல் காயம். அவர்களுக்காகவே மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு இந்த வேலூர்ப் பக்கத்தில் உருவானது. வலி தெரியாத காலுக்குச் செருப்புச் செய்த அதே மாவட்டத்தில், வலியோடு ஷூ தைக்கும் கைகள்! வலி ஒரு வரம் என்று பிராண்ட் பிற்காலத்தில் எழுதினார். எச்சரிக்கை மணி என்ற அர்த்தத்தில் அது சரிதான். மணி அடிக்கும்போது கையை எடுக்க வசதி உள்ளவர்களுக்கு மட்டும்.

வலி நிஜமா, மனப்பிரமையா என்ற சண்டை பணக்கார நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. 1980-களில் ஆஸ்திரேலியாவில் டெலிகாம் கம்பெனி முதலிய இடங்களில் கீபோர்டு தட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் கை வலி என்று வந்தார்கள். அதிலும் பெண்களே அதிகம். டாக்டர்களில் ஒரு பாதி காயம் என்றது, மறு பாதி மனசு என்றது, பத்திரிகைகள் கிண்டல் செய்தன. ஆனாலும் அங்கே சண்டை போடவாவது ஒரு முதலாளி இருந்தார், வருகைப்பதிவேடு இருந்தது, எத்தனை மணி நேரம் தட்டினார் என்ற கணக்கு இருந்தது. திண்ணைத் தையலுக்கு அதெல்லாம் இல்லை.

உலக அளவில் வலியைப் பற்றிய பார்வை மெல்ல மாறியிருக்கிறது. 2010-இல் ஐ.எல்.ஓ. தன் தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனலையும் மணிக்கட்டுத் தசைநார் கோளாறுகளையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் எழுதிய வலியின் இலக்கணத்தை 2020-இல் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று குறிப்பும் எழுதியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனித் தலைப்பே இருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் அது நோய்தான். காகிதத்தில் நல்ல முன்னேற்றம்.

நம் ஊர்க் காகிதத்துக்கு வருவோம். ஷூ கம்பெனிக்குள் தைக்கிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டினார்கள். நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். வீட்டில் தைக்கிறவருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது என்பதால் சதவீதக் கணக்குக்கே இடமில்லை.

வீட்டு வேலையாளைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியாது என்பார்கள். பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் பக்கம் போனால் அந்த வாதம் நிற்காது. அங்கே பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், 1974-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. 1976-இல் நல நிதியும் வந்தது. பீடி அம்மாக்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கையில் ஒரு அடையாள அட்டை இருந்தது, டாக்டர் கேட்டால் சொல்ல ஒரு தொழிலின் பெயர் இருந்தது. பீடிக்கு முடிந்தது ஷூவுக்கு ஏன் முடியவில்லை? பீடி உள்ளூரில் ஓட்டுள்ள சங்கங்களின் விஷயம். ஷூ வெளிநாட்டு ஆர்டர் விஷயம், 'போட்டியில் பின்தங்கிவிடுவோம்' என்ற ஒரே பதில் போதும்.

ஐ.எல்.ஓ. 1996-இல் வீட்டுவழி வேலைக்கென்றே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்புதல் தரவில்லை. தமிழ்நாட்டில் 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் காலணி, தோல் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், இயற்கை மரணம் இவற்றுக்கு உதவி உண்டு. பதிவு செய்ய வேண்டுமானால் இந்த வேலைதான் செய்கிறேன் என்று முதலில் அவரே சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் 'வீட்டிலிருந்து வேலை செய்பவர்' என்று ஒரு விளக்கம் இருக்கிறது. அதே 2025-இல், ஜனவரி 30 அன்று, பாலாறு மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொன்னது. ஆற்றுக்கு இரண்டு தீர்ப்புகள் ஆகிவிட்டன.

2020 ஊரடங்கில் ஆர்டர் நின்றபோது கம்பெனியில் இருந்தவர்களிடம் கேட்டுப்பெற கொஞ்சமாவது ஏதோ இருந்தது. வீட்டில் தைத்தவர்களுக்கு வேலை போனது என்றுகூட எங்கும் எழுதப்படவில்லை. வேலை இருந்தது என்று எழுதியிருந்தால்தானே! மறுபடி ஆர்டர் வந்ததும் ஏஜெண்ட் வண்டியில் மூட்டை வந்தது. திண்ணையில் பாய் விரித்து, மணிக்கட்டில் தைலம் தேய்த்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஊசியை எடுத்தார்கள்.