பூச்சித் தூள் (கோழித் தீவனம்)

பூச்சித் தூள் என்பது வளர்ப்புப் பூச்சிகளின் புழுவையோ கூட்டுப்புழுவையோ உலர்த்தி அரைத்து, கோழித் தீவனத்தில் சேர்க்கும் புரதப் பொருள். பெரும்பாலும் கொழுப்பைப் பிழிந்தெடுத்த பிறகே அரைப்பார்கள். சோயாப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் ஆகியவற்றின் இடத்தில் ஒரு பகுதியை இது பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு. கோழிப் பண்ணைச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே போகிறது. 2021இல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியதால், மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன்னை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது.

கோழிக்குப் பூச்சியைத் தீனியாகப் போடுவது தமிழகத்துக்குப் புதிதல்ல. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், தென்னை நார், ஓலைத் துண்டுகளைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் பானையை எடுத்துத் தட்டினால் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் முண்டியடித்துக் கரையானைக் கொத்தும். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு வேளாண் துறையினரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். பட்டு நூற்பில் மிஞ்சும் கூட்டுப்புழுவும் புரதம் மிகுந்ததே. ஆனால் கொழுப்பு சிக்கு அடித்து நாற்றம் வருவதால், எண்ணெய் நீக்காமல் அதிகம் சேர்க்க முடிவதில்லை.

இன்று தொழிலளவில் முன்னிற்பது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, சுருக்கமாக பி.எஸ்.எஃப். ஈரக் கழிவைத் தின்று இரண்டு, மூன்று வாரத்தில் முற்றி, தானே ஏறி வெளியே வந்து விழும். வளர்ந்த ஈ சில நாள்களே வாழும். வீட்டு ஈயைப் போல உணவை மொய்க்காது. உலர்ந்த புழுவில் புரதம் ஏறக்குறைய 40 விழுக்காடு. கால்சியமும் அதிகம் என்பதால் முட்டைக் கோழிக்கு ஏற்றது. அளவோடு சேர்த்தால் முட்டையிடுவது குறைவதில்லை. சோயாவை முழுக்க நீக்கிய சில சோதனைகளில்தான் கோழிகள் பின்தங்கின.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஆய்வகச் சீட்டை. வழக்கமான பரிசோதனையில் நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். பூச்சித் தோலின் கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே இந்தப் புழுவுக்கு 4.76 என்ற எண்ணே பொருந்தும் என்கிறது நெதர்லாந்து ஆய்வு. சீட்டில் 42 என்றால் உண்மையில் 32தான். புரத விழுக்காட்டுக்கு விலை பேசினால் கைட்டினுக்கும் காசு கொடுத்ததாகிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் பூச்சித் தூள் பற்றிய பேச்சு எழக் காரணம் கேன்டீன்கள். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஷிப்டு ஷிப்டாகச் சமைக்கும் தொழிற்சாலைகளில் மிஞ்சும் சோறும் காய்கறிக் கழிவும் புழுவுக்கு நல்ல தீனி. ஆனால் புழு காட்மியம் போன்ற கன உலோகங்களை உடலில் சேர்த்துவைக்கக்கூடியது. பெயின்ட், உலோகத் தூள் புழங்கும் ஆலைகளில் உணவுக் கழிவைத் தனி வாளியில், தனி வண்டியில் எடுக்காவிட்டால் அதில் வளர்ந்த புழுவின் தூளைக் கோழிக்குப் போடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 செப்டம்பரில் கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. ஆனால் சமையலறைக் கழிவைத் தின்ற பூச்சிக்கு அந்த அனுமதி இல்லை. இந்த விதியை இங்கும் பின்பற்றினால் கேன்டீன் கழிவு தீவனமாகாது. அரிசித் தவிடு, பழச் சந்தைக் கழிவு போன்றவற்றை விலைக்கு வாங்க வேண்டிவரும். அப்போது சோயாப் புண்ணாக்கோடு விலையில் போட்டி போடுவது கடினம்.