அப்பாவின் கோட்லா

வீட்டுச் செய்தி முதலில். அடுத்த மாதம் கரோல் பாக் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பாவும் அம்மாவும் சென்னைக்கு, தங்கை வீட்டோடு போகிறார்கள். அப்பா கேட்டது ஒன்றுதான். "ஒரு தடவை கோட்லாவைப் பார்த்துட்டு வந்துடலாம்டா."

ஃபெரோஸ் ஷா கோட்லா என்றால் நமக்கெல்லாம் கும்ப்ளேதான். 1999 பிப்ரவரி 7, பாகிஸ்தானின் 10 விக்கெட்டும் 74 ரன்னுக்கு!

அப்பா கணக்கு வேறு. 1965 மார்ச், நியூசிலாந்து. வேலைக்குச் சேர்ந்த புதிது, கரோல் பாக்கில் மூன்று பேரோடு ஒரே அறை. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார் (எனக்குச் சொன்ன புத்திமதி எல்லாம் வேறு!). முதல் மூன்று டெஸ்டும் டிரா. டெல்லியில் 19 வயது வெங்கட்ராகவன் 72 ரன்னுக்கு 8 விக்கெட், அடுத்த இன்னிங்ஸில் இன்னும் 4. மேட்ச்சும் தொடரும் நமக்கு. "நம்ம மெட்ராஸ் பையன்" என்று பக்கத்து சீட் சர்தார்ஜியிடம் அரைகுறை இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஊரை விட்டு வந்தவருக்கு வேறென்ன வேண்டும்?

மண்டி ஹவுஸில் மெட்ரோ மாறி டெல்லி கேட்டில் இறங்கினோம். 2019லிருந்து ஸ்டேடியத்துக்கு அருண் ஜெட்லி பெயர். மேட்ச் இல்லை, கேட் மூடியிருந்தது. பக்கத்தில் துக்ளக் காலத்துக் கோட்டைப் புல்லில் உட்கார்ந்தோம்.

திரும்பும்போது வெங்கட் எடுத்த எட்டுப் பேரையும் சொல்ல ஆரம்பித்தார். ஆறு வந்தது. மீதி இரண்டும் ஜண்டேவாலான் தாண்டியும் வரவில்லை.