படத்தில் பிறந்த கதை

கதைக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது? ராபர்ட் லூயி ஸ்டீவன்சனுக்கு அது ஒரு சிறுவனின் வண்ணப் பெட்டியிலிருந்து கிடைத்தது. 1881ஆம் ஆண்டு, ஸ்காத்லாந்தின் பிரேமார் என்னும் சிற்றூரில் விடாத மழை. மனைவியின் மகன் லாயிட் வீட்டுக்குள் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தான். உடன் அமர்ந்த ஸ்டீவன்சன் இல்லாத தீவொன்றின் படத்தை வரைந்து, துறைகளுக்கும் குன்றுகளுக்கும் பெயரிட்டார். சிறுவரோடு உட்காருவது வீண்வேலையன்று! பார்க்கப் பார்க்க, கதைமாந்தர் அப்படத்துக் காடுகளிடையே தலைகாட்டினராம். 'புதையல் தீவு' எழலாயிற்று. ஒற்றைக்கால் சில்வருக்கு, காலிழந்த நண்பர் ஹென்லியின் மனவுறுதி உதவிற்று. நாளுக்கோர் அதிகாரமாக 15 எழுதியபின் ஊற்று வற்றிற்று. எஞ்சியது சுவிட்சர்லாந்தின் டாவோசில் முடிந்தது. அது 1883இல் நூலாவதற்காக அனுப்பிய படமோ பதிப்பகத்துக்குப் போய்ச் சேரவில்லை. கதையையே துருவிப் படித்து, அதற்கு ஒத்துவரும் வேறொரு படம் வரைய நேர்ந்தது. அப்படம் தமக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றியதில்லை என்று ஸ்டீவன்சனே பின்னர் எழுதினார்.