கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

சென்னைத் தலைமைச் செயலகத்துக்கு மனுவோடு செல்லும் நம்மவர் பலர், அதே ஜார்ஜ் கோட்டைக்குள் நிற்கும் தூய மரியன்னை ஆலயத்தைக் கண்டும் காணாதவராய்த் திரும்பி விடுகின்றனர். கட்டடக் கலையில் நாட்டமுடையோர் ஒருமுறையேனும் உள்ளே சென்று அதன் கூரையை அண்ணாந்து பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய ஊர்த் தேவாலயங்களில் கற்சுவர் எழுப்பி, மேலே மர உத்திரங்களைச் சாய்வாகக் கோத்துக் கூரை அமைப்பது பெருவழக்கு. இங்கோ கூரையில் மரமே இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்துக் கட்டிய அதன் கனம் 2 அடி. புறச்சுவரின் கனம் 4 அடி. காரணம் பக்தியன்று, பீரங்கி! குண்டு விழுந்தால் மரக்கூரை தாங்குமா? கரையானும் கடற்புயலும் வேறு. இதனை வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவரே என்று கருதப்படுகிறது. வெடிமருந்துக் கிடங்கு கட்டப் பழகிய கை என்றே நமக்கும் எண்ணத் தோன்றுகிறது.

1678 மார்ச் 25 இல் பணி தொடங்கியது. அன்னை மர்யம் (அலை) அவர்களுக்கு வானவர் நன்மாராயம் கூறியதைக் கிறித்தவர்கள் நினைவுகூரும் நாள் அது. ஆலயத்தின் பெயர்க்காரணமும் அதுவே. கோட்டைத் தலைவர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், கும்பினியாரின் பணத்துக்குக் காத்திராமல் நன்கொடை திரட்டினார். 1680 அக்டோபர் 28 இல் ஆலயம் திறக்கப்பட்டது. கோபுரம் 1701 இலும் அதன் கூம்பு 1710 இலும் சேர்ந்தவை.

வள்ளல் சீதக்காதியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியும் அதே 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. அங்கே கற்றூண், போதிகை, மேலே தட்டையாகப் பரப்பிய கற்பலகை என அனைத்தும் தமிழகச் சிற்ப முறை. கட்டியோர் இம்மண்ணின் மக்கள். அண்டை அயலாரின் உளியை நம்பினர். கும்பினியாரோ மதிலுக்குள் வாழ்ந்த வணிகர். அவர்தம் அச்சமும் கட்டடத்துக்கு ஓர் அளவுகோலாயிற்று.

அந்த அச்சம் வீணன்று. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டார். ஆங்கிலேயரின் இடுகாடு அப்போது மதிலுக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரிக் கட்டடம் எழுந்த இடத்தில் இருந்தது. அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளே பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாயின. 1759 பிப்ரவரியில் முற்றுகை நீங்கிய பின், ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த பலகைகளை ஆலயத்தைச் சுற்றிப் பாவினர். ஹைதர் அலியோடு நிகழ்ந்த போரின்போது, 1782 இல், அவற்றுட் சில பீரங்கிகளுக்குப் பீடமாகவும் பெயர்க்கப்பட்டன.

இன்றும் லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனிய எழுத்துகளை அங்கே காணலாம். கபுறை மிதிக்கக் கூசும் நம்மவர் அவ்விடத்தில் சற்றே தயங்கி நிற்பர். ஆயின் அந்தப் பலகைகளின் கீழே, அவை பெயர் சொல்லும் மனிதர்கள் இல்லை.