கடல் கடந்த கொடை

பிற நாட்டாரின் துயர் துடைக்க மக்கள் மனமுவந்து தரும் பணமும் பொருளும் கடல் கடந்த கொடை எனப்படும். இதற்கு இரக்கம் மட்டுமே காரணம் என்பது பாதி உண்மை. துன்பப்படுவோரைத் தமக்குத் தெரிந்தவராக உணரும்போதுதான் கை மடிக்குப் போகிறது. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடி இதற்குச் சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 29-இல், இலங்கைக்கு உதவுவதற்கான தீர்மானம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்துகள் அனுப்பத் தமிழ்நாடு அரசு முனைந்தது; மே மாதத்தில் முதல்வர் மு. க. ஸ்டாலின் பொதுமக்களிடமும் நன்கொடை கேட்டார். திருவள்ளூர் மாவட்டத்தில் இலங்கைத் துயரம் வெறும் நாளிதழ்ச் செய்தியன்று. அங்குள்ள கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்கின்றன.

இது இனப்பற்றுதானே, இதைக் கொடை எனலாமா என்ற கேள்வி எழும். ஆனால் தமிழ்நாடு அனுப்பிய நிவாரண மூட்டைகள் தமிழருக்கென்று மட்டும் ஒதுக்கப்படவில்லை. சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்த்தே சென்றன. பற்று தொடக்கி வைத்ததைப் பசி விரிவாக்கியது. உள்ளூர் ஏழை இருக்க அயலாருக்கு ஏன் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. எனினும் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கும் மாநிலத்தைவிட, பால் பவுடருக்கே வரிசை நின்ற கொழும்பில் அதே மூட்டையின் பயன் கூடுதல்.