மண்ணின் பெயருக்குக் காவல்: பிரான்சின் இனாவோ நிறுவனம் கடந்து வந்த 90 ஆண்டுகள்

1935 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணைச் சட்டம் பிறப்பித்தது. ஒயினுக்கு ஊர்ப் பெயர் சூட்டி விற்பதற்கு அச்சட்டம் நெறிமுறை வகுத்தது. அந்நெறிமுறையைக் காக்கத் 'தோற்றப் பெயர்களுக்கான தேசியக் குழு' என்ற அமைப்பையும் நிறுவியது. 1947-இல் அந்தக் குழு நிறுவனமாக உயர்ந்தது. இன்று உலகம் அதை 'இனாவோ' என்ற சுருக்கப் பெயரால் அறிகிறது. 2025-இல் 90 ஆண்டுகளை நிறைவு செய்த இந்த நிறுவனத்தின் வரலாறு ஒயின் அருந்துவோருக்கு மட்டும் உரியதன்று. ஊர்ப் பெயரை நம்பிப் பிழைக்கும் உழவர், நெசவாளர், கைவினைஞர் அனைவருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அழிவில் தொடங்கிய கதை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஃபில்லோக்சரா என்னும் நுண்பூச்சியும் பிரான்சுக்குள் நுழைந்தது. வேரைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் பூச்சி அது. 1860-களில் தெற்குப் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. மோன்பெலியே நகரத் தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடைய தோழர்களும் 1868-இல் வேர்களைத் தோண்டிப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். அமெரிக்கக் கொடிகளின் வேர்ச்செடியில் பிரெஞ்சு ரகங்களை ஒட்டுக் கட்டினால் பூச்சியைத் தாங்கும் என்று தெளிவதற்குள் நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது.

விளைச்சல் குறைந்தாலும் ஒயின் குடிப்பவர்கள் குறையவில்லை. அந்த இடைவெளியில் போலிகள் புகுந்தன. உலர்திராட்சையை ஊறவைத்து ஒயின் காய்ச்சினார்கள். பிழிந்த சக்கையில் சர்க்கரையும் நீரும் சேர்த்து மறுபடி நொதிக்க வைத்தார்கள். எங்கோ விளைந்ததைப் பீப்பாயில் ஏற்றி வந்து புகழ்பெற்ற ஊரின் பெயரில் விற்றார்கள். புதிய திராட்சையை நொதிக்க வைத்துப் பெறுவதே ஒயின் என்று 1889-இல் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

தோட்டங்கள் மீண்டும் தழைத்தபோது சந்தையில் நல்ல விலை இல்லை. 1907-இல் லாங்குடோக் பகுதி விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அர்ஜெலியே என்ற சிற்றூரைச் சேர்ந்த மார்ஸலன் அல்பேர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அதே மாதம் நார்போன் நகரில் படையினர் சுட்டதில் மக்கள் உயிரிழந்தனர். அதைக் கேள்வியுற்று, அப்பகுதி இளைஞர்கள் நிறைந்த 17-ஆம் காலாட்படையின் வீரர்கள் அரசின் உத்தரவை மீறினார்கள். மாத இறுதியில் ஒயினில் நீர் கலப்பதற்கும் அளவுமீறிச் சர்க்கரை சேர்ப்பதற்கும் எதிரான சட்டம் நிறைவேறியது.

1911-இல் ஷாம்பெயின் பகுதியும் பற்றி எரிந்தது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பெயின் தயாரித்த வணிகர்கள் மீது மார்ன் பகுதி விவசாயிகளுக்கு ஆத்திரம். தங்கள் மண்ணை அரசு ஷாம்பெயின் எல்லைக்கு வெளியே தள்ளியதில் ஓப் பகுதி விவசாயிகளுக்கு ஆத்திரம். ஏப்ரலில் அய் என்ற ஊரில் வணிகர்களின் மாளிகைகள் தீக்கிரையாயின. எல்லைக்கோட்டை அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்துவிட முடியாது என்பதை நாடே உணர்ந்தது.

பெயர் மட்டும் போதுமா?

1919 மே 6 அன்று வந்த சட்டம், தோற்றப் பெயர் குறித்த வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. நோக்கம் நல்லதே. ஆனால் ஓர் ஊரின் எல்லைக்குள் விளைந்தது என்று காட்டினால் ஊர்ப் பெயர் கிடைத்துவிடும் என்ற நிலை அதனால் ஏற்பட்டது. சரளை மேட்டில் பழைய ரகத்தை வளர்த்தவரும், ஆற்றங்கரை வண்டலில் அதிகம் காய்க்கும் கலப்பின ரகத்தை நட்டவரும் ஒரே பெயரில் விற்றார்கள். எல்லை காப்பாற்றப்பட்டது, தரம் கைவிடப்பட்டது.

இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி ஓயாமல் போராடியவர் ஜோசப் கபூஸ். ஜிரோந்து பகுதியில் வேளாண்மை ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் 1924-இல் வேளாண் அமைச்சராகவும் விளங்கியவர். மண்ணும் ரகமும் கூடக் கணக்கில் வர வேண்டும் என்ற அவருடைய வாதம் 1927 ஜூலை 22 சட்டத்தில் ஓரளவு இடம்பெற்றது. ஆனால் அந்தச் சட்டம் எல்லாரையும் கட்டாயப்படுத்தவில்லை. முழு வெற்றிக்கு அவர் இன்னும் எட்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

ஷாத்தோனெஃப் காட்டிய வழி

நாடாளுமன்றத்தில் கபூஸ் போராடிய அதே காலத்தில், ரோன் ஆற்றங்கரையில் ஷாத்தோனெஃப்-து-பாப் என்ற ஊர் தன் வழியைத் தானே வகுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய வழக்கறிஞர் பாரன் பியேர் ல ருவா அங்கே குடியேறித் திராட்சை வளர்த்துவந்தார். 1923-இல் விவசாயிகள் சங்கம் அமைத்து அவரைத் தலைவராக்கினார்கள். வெளியார் மீது வழக்குத் தொடுப்பதற்கு முன்பு, அவர்கள் தங்களுக்கே விதிகளை விதித்துக்கொண்டார்கள்.

அந்த விதிகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். லாவெண்டரும் தைமும் இயல்பாக வளரும் வறண்ட நிலமே தோட்டத்துக்கு ஏற்றது. கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் முதலிய குறிப்பிட்ட ரகங்கள் மட்டுமே நடலாம். ஒயினில் இயற்கையான ஆல்கஹால் 12.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, சர்க்கரை சேர்த்து அதைக் கூட்டவும் கூடாது. அறுவடையின்போது பழங்களைத் தரம் பிரித்து, எவ்வளவு நல்ல விளைச்சலானாலும் ஒரு பகுதியைக் கட்டாயம் ஒதுக்கித் தள்ள வேண்டும். தன் கொடியில் பழுத்த பழத்தைத் தானே தள்ளிவைப்பேன் என்று விவசாயி ஒப்புக்கொண்ட இடத்தில்தான் இந்த வரலாறு திரும்புகிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்த ஊரின் வழக்கு ஓரான்ஷ் நீதிமன்றத்தில் தொடங்கி, 1933-இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெற்றது.

1935-இன் ஆணைச் சட்டம் இந்த ஊர் வழக்கத்தை நாட்டின் சட்டமாக்கியது. புதிய குழுவுக்குக் கபூஸ் முதல் தலைவரானார். 1947-இல் அவர் மறைந்தபின் ல ருவா தலைமையேற்று 1967 வரை வழிநடத்தினார். 1936 மே 15 தேதியிட்ட ஆணைகளில் அர்புவா, கஸீ, ஷாத்தோனெஃப்-து-பாப், மோன்பஸியாக், தவேல் ஆகிய ஒயின்கள் 'கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப் பெயர்' என்ற தகுதியைப் பெற்றன. பிரெஞ்சு எழுத்துகளில் அதை ஏ.ஓ.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

விதி எப்படிப் பிறக்கிறது?

இனாவோவின் குழுக்களில் அமர்பவர்கள் அரசு அதிகாரிகள் மட்டுமல்லர். விவசாயிகள், வணிகர்கள், வல்லுநர்கள், நுகர்வோர் சார்பாளர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். ஓர் ஊரின் உற்பத்தியாளர் அமைப்பு விண்ணப்பித்தால் விசாரணைக் குழு நேரில் செல்கிறது. மண்ணியல் வல்லுநர்கள் நிலத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து எல்லை குறிக்கிறார்கள். வரைவை மக்கள் முன்வைத்து ஆட்சேபங்களைக் கேட்கிறார்கள். அதன்பின் குழு முடிவெடுக்கிறது, அரசு அதை ஆணையாக வெளியிடுகிறது.

அப்படி உருவாகும் விதித்தொகுப்பில் நிலத்தின் எல்லை, ரகங்கள், கொடிகளின் நெருக்கம், கவாத்து செய்யும் முறை, ஹெக்டேருக்கு உச்ச மகசூல், பழத்தில் இருக்க வேண்டிய சர்க்கரை, தயாரிப்பு, முதிர்ச்சிக் காலம் என எல்லாம் அடங்கும். ஷாத்தோனெஃப்-து-பாப் ஊரில் ஹெக்டேருக்கு 3,500 லிட்டர்தான் அடிப்படை வரம்பு. ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர். சோத்தெர்ன் ஊரின் இனிப்பு ஒயினுக்கோ 2,500 லிட்டர்தான். அங்கே இலையுதிர்காலப் பனியில் பழத்தின் மேல் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து நீரை வற்றச் செய்கிறது, இனிப்பு திரள்கிறது. பக்குவப்பட்ட பழங்களை மட்டும் கையால் பொறுக்க, அறுவடையாளர்கள் ஒரே கொடிக்குப் பலமுறை வர வேண்டியிருக்கிறது.

ரகத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவையும் விதி காக்கிறது. பர்கண்டியில் சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டொனே. பக்கத்து போஜோலேயில் காமே. போர்தோவில் மெர்லோவும் காபெர்னே ஸோவின்யோனும் முதன்மையானவை. பர்கண்டிக் கோமகன் பிலிப் 1395-லேயே தன் நாட்டில் காமே கொடிகளைப் பிடுங்கச் சொன்னார் என்றால், ரகத்தைப் பற்றிய அக்கறை அங்கே எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

ஷாம்பெயினில் விதி பிழியும் ஆலைக்குள்ளும் வருகிறது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாறு வரைதான் எடுக்கலாம். முதலில் வடியும் 2,050 லிட்டர் உயர்ந்தது, அடுத்த 500 லிட்டர் இரண்டாந்தரம். அதற்கு மேல் பிழிந்தது ஷாம்பெயின் ஆகாது. புட்டியில் அடைத்த ஒயின் குறைந்தது 15 மாதங்கள் நிலவறையில் காத்திருக்க வேண்டும். ஒரே ஆண்டின் விளைச்சலைக் கொண்டு, அந்த ஆண்டைக் குறிப்பிட்டு விற்பதற்கு மூன்று ஆண்டுகள்.

வளர்ச்சியும் சோதனையும்

1974-இல் மகசூல் வரம்புகள் திருத்தப்பட்டன, ஏ.ஓ.சி. ஒயின்களைச் சுவைத்துச் சோதிப்பது கட்டாயமானது. 1990-இல் வந்த சட்டம் ஒயினுக்கு அப்பாலும் இனாவோவின் பொறுப்பை விரித்தது. 1925-லேயே தனிச்சட்டம் பெற்றிருந்த ரோக்ஃபோர் முதலான பாலாடைக்கட்டிகள் அதன் குடைக்குள் வந்தன. பின்னர் 1996-இல் ல புயி ஊரின் பச்சைப் பருப்பும், 2000-இல் எஸ்பெலெத் ஊரின் மிளகாயும் ஏ.ஓ.சி. பெற்றன. 1992-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உணவுப் பொருள்களின் ஊர்ப் பெயர்களைக் காக்க விதி வகுத்தபோது பிரெஞ்சு அனுபவம் கைகொடுத்தது. 2007 முதல் இந்த அமைப்பின் முழுப்பெயர் 'தோற்றம் மற்றும் தரத்துக்கான தேசிய நிறுவனம்'. பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில் அதன் தலைமையகம் இயங்குகிறது. ஒயினில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட தோற்றப் பெயர்களை அது காத்துவருகிறது.

குறைகளும் வெளிவராமல் இல்லை. சுவைச் சோதனைக்கு வந்த ஒயின்கள் ஏறத்தாழ எல்லாமே தேறிவிடுகின்றன என்ற கண்டனம் எழுந்தது. உற்பத்தியாளர் சங்கமே சோதிப்பவராகவும் இருக்கலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. 2000-களின் பிற்பகுதியில் வந்த சீர்திருத்தத்தில் பெயரை நிர்வகிக்கும் அமைப்பு வேறு, சோதனை செய்யும் அமைப்பு வேறு என்று பிரித்தார்கள். இன்று பெரிய சோதனை வெப்பநிலை உயர்வு. பழங்கள் முன்கூட்டியே பழுத்துவிடுகின்றன. 2021-இல் போர்தோவில் போர்த்துக்கீசிய ரகமான தூரிகா நாசியோனால் உள்ளிட்ட சில புதிய ரகங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் தோட்டப் பரப்பில் 5 விழுக்காடும் கலவையில் 10 விழுக்காடும்தான் வரம்பு. மாற்றத்துக்கு இடம் கொடுக்கவும் வேண்டும், அடையாளத்தை இழக்கவும் கூடாது என்ற நிதானம் அந்த வரம்பில் தெரிகிறது.

நமக்குரிய செய்தி

இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஷாம்பெயின் என்ற பெயரும் இந்தியாவில் பாதுகாப்புப் பெற அங்கேதான் பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஈரோடு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகியவையும் அதே பதிவேட்டில் இடம்பெற்றவை.

பதிவுச் சான்றிதழ் கிடைத்த நாளில் விழா எடுக்கிறோம், அது தேவைதான். ஆனால் 1919-இன் பிரெஞ்சுச் சட்டம் தந்த பாடத்தை மறந்துவிடக் கூடாது. எல்லை மட்டும் இருந்தால் பெயர் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும். எந்த விதை, எந்த இழை, எந்தப் பக்குவம், எதைத் தள்ளுபடி செய்வது என்பதை உற்பத்தியாளர்களே கூடி எழுத வேண்டும். சங்கத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் அதைச் சோதிக்கவும் வேண்டும். பெயரை வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் அந்த விதித்தொகுப்பை இந்த ஆண்டே எழுதத் தொடங்கட்டும்.